அவசரம் லேது

நடந்தது இது.

1. சிகந்தராபாத்தில் நான் போகும் தமிழ்ச் சபையில், வாலிபர்களுக்காக நூறு நாள் ஆவிக்குரிய வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கான அட்டவணையைச் செய்து கொடுத்தது நான்.

2. அறுபத்தெட்டு நாள் அந்த அட்டவணையில் என் வரிசை முழுக்கப் பச்சை. ஒரு கட்டம்கூடச் சிவப்பில்லை. சபையில் வேறு யாருக்கும் அப்படி இல்லை.

3. அந்த நாட்களுக்குள் ஒரு காலையில், கம்பெனிப் பேருந்தில், சுஜாதா அக்காவிடம் தெலுங்கில் இரண்டே சொற்கள் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

4. அறுபத்தொன்பதாம் நாள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொன்னாள்.

5. அதற்குப் பிறகு வந்த நான்கு புதன்கிழமைகளும் என் வரிசையில் சிவப்பு.

6. நூறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்ல என் பெயரைக் கூப்பிட்டபோது நான் ஆலயத்தில் இல்லை. ராமச்சந்திராபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

7. அன்று சாயங்காலத்துக்குள் என் ஊரான பாளையங்கோட்டைக்குச் செய்தி போய்விட்டது: நான் பின்மாற்றத்தில், அதாவது விசுவாசத்தை விட்டு, போய்விட்டேன்.

இவ்வளவுதான். ஆனால் ஆறும் ஏழும் மட்டும்தான் ஊரில் எங்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. மூன்றும் நான்கும் வழியில் எங்கோ விழுந்துவிட்டன. விழுந்ததை எடுத்து வைக்கத்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. கேட்க வேண்டியவரிடம் கேட்டாயிற்று.

நான் இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. மல்லாபூரில் மின்சாரக் கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. குடியிருப்பது லோத்குண்டாவில், மெர்சி ஆன்ட்டி வீட்டு மாடியில். ஆன்ட்டியின் குடும்பம் இங்கே மூன்று தலைமுறை. தாத்தா பட்டாளத்தோடு வந்தவர். வாலிபர் ஐக்கியத்தை நடத்துவதும் ஆன்ட்டிதான், வளர்ச்சித் திட்டம் அவருடைய யோசனைதான். என்னைக் குடிவைக்க அம்மா வந்திருந்தபோது இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். என்னைவிட அதிகமாக அவர்கள்தான் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருந்தவரை என் ஆவிக்குரிய வாழ்க்கைக்கு நான் எதுவும் திட்டமிட்டதில்லை. விடியும் முன்னே கோயிலில் முதல் மணி அடிக்கும். அம்மா போர்வையை உருவுவாள். சாயங்காலம் ஏழரைக்குக் குடும்ப ஜெபம்; தொலைக்காட்சியை அணைப்பது என் வேலை. ஞாயிறு, ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, அசனப் பண்டிகைக்கு வெங்காயம் உரிப்பது. யாராவது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தார்கள். நான் அதை என் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். இங்கே வந்த முதல் மாதத்தில் உண்மை தெரிந்தது. விடியற்காலையில் எனக்குக் கேட்டது கன்டோன்மென்ட் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் ஊதும் ஊதல் மட்டும்தான். அது எனக்காக ஊதப்படுவதில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஆறு வாரம் வேதத்தைத் திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு பட்டியல் போட்டேன். எத்தனை மணிக்கு எழுவது, எதை வாசிப்பது, யாருக்காக ஜெபிப்பது. அதனால், ஐக்கியத்தின் செயலாளர் நான் என்று மெர்சி ஆன்ட்டி வந்து அட்டவணை கேட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். ஐந்து பத்திகள் வைத்தேன்: வேத வாசிப்பு, ஜெபம், உபவாசம், புதன் கூட்டம், சாட்சி, அதாவது ஒருவரிடம் ஆண்டவரைப் பற்றிப் பேசுவது. செய்தால் பச்சை, செய்யாவிட்டால் சிவப்பு. எல்லாரும் எல்லாருடைய வரிசையையும் போனில் பார்க்கலாம். அந்தக் கடைசி வசதியையும் நானே யோசித்துச் சேர்த்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

இனி மூன்றாவது எண்.

சுஜாதா அக்கா எங்கள் தொழிற்சாலையில் பலகைகளைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் இருக்கிறார். நாற்பது வயது இருக்கும். தெலுங்குக்காரர், கிறிஸ்தவர், லோத்குண்டாவிலேயே ஒரு தகரக் கூரைச் சபைக்குப் போகிறவர். அவர் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. மல்லாபூர் போகும் கம்பெனிப் பேருந்தில் மூன்று வருடமாக என் பக்கத்து இருக்கை அவருடையது. எனக்குத் தெரிந்த தெலுங்கில் பாதி அவர் சொல்லிக்கொடுத்தது. மீதிப் பாதியை நானே தைரியமாக உண்டாக்கிக்கொண்டேன். தமிழ்ச் சொல்லின் வாலைத் திருப்பிவிட்டால் தெலுங்கு ஆகிவிடும் என்பது என் கண்டுபிடிப்பு. பல நேரம் ஆகியும் விட்டது.

திட்டத்தின் மூன்றாவது வாரத்தில், போனில் நான் கட்டங்களைப் பச்சையாக்குவதைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். சொன்னேன். பிறகு, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். பத்திகள் ஐந்து வேண்டாம், ஒன்று போதும். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு வரி வருகிறது அல்லவா, அந்த வரி வரும்போது நான்கு வருடமாகத் தன் வாய் மூடிக்கொள்கிறது என்றார். சபையில் எல்லாரும் சொல்வார்கள், இவர் சும்மா நிற்பார், அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார்.

காரணம் அவருடைய தங்கை. அம்மாவை அடக்கம் செய்த அன்று, எல்லார் முன்னாலும், பெற்றவளைக் கவனிக்காமல் விட்டவள் என்று இவரைச் சொல்லிவிட்டார். அதன் பிறகு பேச்சில்லை. அந்தத் தங்கையின் மகளுக்கு ஐந்து வாரத்தில் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்திருந்தது. அதற்குள் ஒரு வரி கைப்பட எழுதவில்லை. போவதா வேண்டாமா என்பது பிறகு, முதலில் அந்த வரியைச் சொல்லப் பழக வேண்டும், வாரத்தில் ஒருநாள் என்னோடு உட்காருவீர்களா என்று கேட்டார். மற்ற நாட்களில் அவருக்கு ஓவர்டைம். புதன்கிழமை மட்டும்தான் ஐந்தரை வண்டியில் திரும்புவார்.

புதன்கிழமை எனக்குக் கூட்டம். அது ஒரு பச்சைக் கட்டம். மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல நினைத்தேன். என் கண்டுபிடிப்பின்படி வாலைத் திருப்பினேன்.

"அவசரம் லேது, அக்கா."

அவர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தலையாட்டினார். மறுநாள் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். பேக்கிங் பிரிவில் ஒரு தோழி கிடைத்திருப்பாள் என்று நினைத்தேன். அந்த வாரச் சாட்சிப் பத்தியில் 'சுஜாதா அக்காவோடு பேசினேன்' என்று எழுதிப் பச்சையாக்கினேன். கல்யாணம் முடிந்தது. அவர் போகவில்லை என்பதுகூட எனக்குத் தெரியாது.

அர்த்தம் சொன்னவள் மெர்சி ஆன்ட்டியின் மகள் ரூத். ஆன்ட்டிக்கு இந்தப் பெண்ணைப் பற்றித் தீராத வருத்தம். வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும், திட்டினால் இந்தியில் வரும். ஓய்வுநாள் பள்ளிப் போட்டியில் தமிழ் வசனத்தை உள்ளங்கையில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு போய்ச் சொல்லிப் பரிசு வாங்கினாள். ஆன்ட்டி பரிசைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். அந்த வியாழக்கிழமை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பழைய துணி அவசரமாக வேண்டுமா என்று நான் தமிழில் கேட்டேன். அவள் சிரித்தாள். தெலுங்குக்காரர்களிடம் இந்தச் சொல்லைப் போட்டுவிடாதே என்று எச்சரித்தாள்.

"அவசரம் அன்டே ஜரூரத், அக்கா. அர்ஜென்ட் காது. அதுக்கு 'தொந்தர லேது' அனாலி."

அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை. நம் அவசரத்துக்குத் தெலுங்கில் தொந்தர. கையிலிருந்த துணிகளோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிக்கக் கற்றுக்கொடு என்று கேட்ட ஒருத்தியிடம், அது தேவையில்லை என்று சொல்லி, அதைச் சாட்சி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

என் வேலையில் இதைப் போல ஒன்று உண்டு. சோதனைக் கருவியின் ஊசி பலகையைத் தொடாமலே சில சமயம் பச்சை விளக்கு எரிந்துவிடும். சிவப்பு எரிகிற பலகையால் ஆபத்தில்லை, அதை எடுத்துத் தனியாக வைத்துவிடுவோம். தொடாமல் எரிந்த பச்சைதான் யாரோ ஒருவர் வீட்டில் போய்ப் புகையும்.

மறுநாள் பேருந்தில் பின்வரிசைக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"மீரே அன்னாரு கதா, அவசரம் லேதனி," என்றார். நீங்கள்தானே தேவையில்லை என்றீர்கள்.

பிறகு அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது. அன்று அவருக்குக் கோபம் வரவில்லையாம். நிம்மதியாக இருந்ததாம். படித்த பெண், தினமும் வேதம் வாசிக்கிற பெண், அவளே தேவையில்லை என்றபோது, நல்லவேளை, தப்பித்தோம் என்று இருந்ததாம். பக்கத்தில் உட்கார்ந்தால் நான் மனதை மாற்றிக்கொண்டு விடுவேனோ என்றுதான் பின்னால் போனாராம். இப்போது எதற்கு மறுபடி வந்து கிளப்புகிறீர்கள் என்று கேட்டார்.

தமிழில் அவசரம் என்றால் வேறு என்று விளக்கினேன். அப்படியானால் தெலுங்குத் 'தொந்தர'வுக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன்: உபத்திரவம். முதல்முறையாகச் சிரித்தார். "அதி கூடா கரெக்டே," என்றார். அதுவும் சரிதான்.

ஆனால் மொழியைக் காட்டி நான் தப்பிக்கப் போவதில்லை. நான் சொல்ல நினைத்ததே தவறு. ஐந்து வாரத்தில் கல்யாணம் என்று சொன்னவரிடம் மெதுவாகப் பார்க்கலாம் என்று எந்த மொழியில் சொன்னாலும் தவறுதான். அதையும் அவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். மல்லாபூரில் இறங்கும்போது, புதன்கிழமை ஆறு மணிக்கு வாருங்கள், தேநீர் போடுகிறேன், பால் மட்டும் வாங்கி வாருங்கள் என்றார்.

அன்றே அட்டவணையைத் திறந்து, மூன்றாவது வாரத்தின் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கினேன்.

முதல் புதன் முடிந்ததும் மெர்சி ஆன்ட்டி மாடி ஏறி வந்தார். நல்ல மனுஷி, கையில் ஒரு தட்டில் கிச்சடியும் இருந்தது.

"கைக்கு மா இப்படிப் பண்றே? பசங்க எல்லாம் உன் வரிசையத்தான் பாக்குது. நீயே சிவப்பு போட்டா?"

கைக்கு என்றால் ஏன். சுஜாதா அக்கா வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். கூட்டம் முடிந்து எட்டு மணிக்கு அங்கே போகலாமே என்றார். சுஜாதா அக்கா காலை நாலு மணிக்கு எழ வேண்டும், எட்டுக்குப் படுத்துவிடுவார் என்றேன். ஆன்ட்டி யோசித்தார். அவருக்கு என்மேல் உண்மையான அக்கறை. என்னை மீட்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

"ஹவ், சரி. அப்போ அந்தம்மா வீட்டுக்குப் போறதச் சாட்சி காலம்ல போட்டுக்கோ. புதனுக்குப் பதிலா அத எடுத்துக்கலாம். மறுபடி பச்சை ஆயிடும்."

மூன்று வருடத்தில் நான் ஒருமுறைகூடச் சொல்லாத இந்த ஊர்ச் சொல் தானாக வாயில் வந்தது.

"நக்கோ, ஆன்ட்டி." வேண்டாம்.

ஆன்ட்டிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனார். ஏன் மறுத்தேன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்காவது சொல்கிறேன். சுஜாதா அக்காவை ஏற்கெனவே ஒருதடவை பச்சைக் கட்டமாக்கிவிட்டேன். இன்னொருதடவை ஆக்க மாட்டேன்.

அந்தப் புதன்கிழமைகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அவர் வீடு ஒற்றை அறை, ஒரு நாற்காலி, ஒரு தையல் இயந்திரம். அவர் தெலுங்கில், நான் தமிழில், ஒரே ஜெபத்தை ஒன்றாகச் சொல்வோம். அந்த வரி வந்ததும் அவர் நிறுத்துவார், நானும் நிறுத்துவேன். தங்கை சொன்னதை ஒருநாள் முழுசாகச் சொன்னார். இன்னொருநாள், கடைசி மூன்று மாதம் அம்மாவைத் தான் பார்க்கப் போகாதது உண்மைதான் என்றார். மூன்றாவது புதன், ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்தார். நான் நூல் கோத்துக் கொடுத்தேன். நான்காவது புதன், ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை வீட்டில் இருப்பாள், கூட வருவீர்களா என்றார்.

அது நூறாம் நாள். சாட்சி சொல்ல வேண்டியவர்களில் என் பெயர் முதலில் இருந்தது. நான்கு புதன் சிவப்பையும் நானே மாற்றிய ஒன்றையும் சேர்த்தாலும் நான்தான் முன்னால் நின்றேன். சனிக்கிழமையே ஆன்ட்டியிடம் வர முடியாது என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு போனால் என்ன என்றார். இந்த முறை நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்: "அவ்வளோ என்ன அவசரம்?"

அவசரம்தான் ஆன்ட்டி, இரண்டு மொழியிலும், என்றேன்.

நகரத்தின் மேற்கு ஓரம் வரை இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். ராமச்சந்திராபுரத்தில் ஞாயிறு என்பதால் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் சும்மா நின்றன. தங்கையின் பெயர் பாக்யா. வாசலிலேயே பாயை விரித்து ஆவக்காய்க்கு மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் அரிவாள் நின்றது.

"பெள்ளி அயிபோயிந்தி," என்றார். கல்யாணம் முடிந்துவிட்டது.

"தெலுசு," என்றார் சுஜாதா அக்கா. தெரியும்.

என் பையில் போன் அதிர்ந்தது. ஆலயத்தில் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். பாக்யா என்னைக் காட்டி யார் இது என்று கேட்டார்.

"மா பஸ் அம்மாயி," என்றார் சுஜாதா அக்கா. எங்கள் பஸ் பெண்.

பாக்யா ஒரு துணியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். வெட்டிய துண்டுகளில் ஈரம் இருந்தால் ஊறுகாய் கெட்டுவிடும், ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். எனக்கும் ஒரு துணி கிடைத்தது. இரண்டு மணி நேரம் மூன்று பேரும் மாங்காய் துடைத்தோம். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் அழவில்லை. கிளம்பும்போது கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து வைத்தார். பக்கங்களை அவரே திருப்பினார்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி, நீ கோயிலுக்கே போறதில்லையாம்லா. சாட்சி சொல்ல கூப்ட்டா ஆளக் காணுமாம். மெர்சி அக்கா அழுதுட்டே சொல்லுதாவ. நான் இங்க யாரு மூஞ்சில முழிக்க?"

நடந்ததை எண் போட்டுச் சொன்னேன். அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தத் தங்கச்சிக்காரி காப்பி கீப்பி குடுத்தாளா?"

"குடுத்தாங்கம்மா."

"அப்ப சரி." பிறகு நினைவு வந்தவளாக, "இருந்தாலும் அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போயிரு," என்றாள்.

போவேன். நான் சபையை விடவில்லை. இதைக் கேள்விப்பட்டு ஊரில் இன்னொரு தரப்பு சந்தோஷப்படுவதாகவும் தெரிகிறது: பார்த்தாயா, பக்தியை அட்டவணை போட்டு வளர்க்க முடியுமா, அது தானாக வர வேண்டும் என்கிறார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தானாக வந்தது எனக்கு ஆறு வாரத் தூக்கம். புதன் ஆறு மணி என்று குறித்து வைக்காமல் இருந்திருந்தால் இரண்டாவது வாரமே சோம்பல்பட்டிருப்பேன். பட்டியல் இன்னமும் இருக்கிறது. ஐந்து பத்திகளும் நிறங்களும்தான் போய்விட்டன. இப்போது ஆள் பெயரும் நேரமும் மட்டும், மற்றவர் பார்க்க முடியாத ஒரு நோட்டில்.

என் சொந்த சபையிலிருந்து அங்கத்தினர் மாறுதல் கடிதம் இங்கே வந்து சேர ஏழு மாதம் ஆனது. முதலில் சிகந்தராபாத்தின் வேறொரு ஆலயத்துக்குப் போயிற்று. பிறகு ஆங்கிலப் பிரதி கேட்டார்கள். பிறகு முத்திரை தெளிவாக இல்லை என்றார்கள். அந்தக் கடிதத்தில் 'அங்கத்தினரின் ஆவிக்குரிய நிலை' என்ற இடத்துக்கு எதிரே எங்கள் போதகர் ஐயர் 'நன்று' என்று ஒரே சொல் எழுதியிருந்தார். அவர் என்னைப் பின்னாலிருந்து தள்ளியவர்களின் நிலையைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த இடத்தை இன்று நானே நிரப்புவதானால் இப்படித்தான் எழுத வேண்டும்:

வாலிபர் ஐக்கியச் செயலாளர் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அட்டவணை ரூத் கைக்குப் போயிருக்கிறது. எல்லாரும் எல்லார் வரிசையையும் பார்க்கும் வசதியை அவள் யாரையும் கேட்காமல் நீக்கிவிட்டாள். சுஜாதா அக்கா என் பக்கத்து இருக்கைக்குத் திரும்பிவிட்டார். அந்த வரியில் பாதி தூரம் வருகிறார், பிறகு நிற்கிறார். நானும் அதே வரியில்தான் நிற்கிறேன். மெர்சி ஆன்ட்டி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மாவிடம் சொன்னதை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை. புதன்கிழமை ஆறு மணிக்குப் பால் வாங்கிக்கொண்டு போகிறேன்.